விழுங்கிய மூன்று எழுத்து

தணிகாசலம் மூன்று எழுத்தை விழுங்கினார். அதனால் பிறந்து நாலு நாளான ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் தாய்ப்பால் இல்லாமல் போயிற்று.

தென்காசிப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பின்கட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடம். எல்லோருக்கும் அது லேப். அதன் தலைமை டாக்டர் நவமணி. முப்பத்தொன்பது வயது. ஆள் குள்ளம். பேச்சு அதைவிடக் குள்ளம்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு. வேலூர்க்காரர். ராணுவ ஆஸ்பத்திரி லேபுகளில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். பெண் எடுத்த ஊர் என்பதால் இங்கே தங்கிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்றே நவமணியிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். மிஷினை ஓட்டத் தனக்குத் தெரியும், அது சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை, நீங்கள் சொல்லித் தர வேண்டும்.

தன்னைவிடப் பதினேழு வயது இளையவரிடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு இல்லை. நவமணிக்குத்தான் இருந்தது. மூன்று நாள் யோசித்துவிட்டு, நாளைக்கு ஒரு கேள்வி, அதற்கு மேல் கிடையாது என்றார்.

லேப் பெண்கள் அன்றிலிருந்து நவமணியைக் குரு என்றும் இவரைச் சீடர் என்றும் சொன்னார்கள். கேலிக்குத்தான். அதுவே நிலைத்துவிட்டது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நோயோடு மல்லுக்கு நிற்கிற புரதங்கள் ரத்தத்தில் உண்டு. எதிர்ப்புப் பொருள் என்று பெயர். அதில் ஐந்து வகை. ஐஜிஎம், ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஇ, ஐஜிடி. சீடர் கேட்டதெல்லாம் இந்த ஐந்தைப் பற்றித்தான்.

ஒருநாள், ஐஜிஇ என்ன செய்யும் என்று கேட்டார். குரு எழுந்துபோய்ப் பழைய பதிவேடு ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேரே தட்டினார். சீடர் பதினோரு தும்மல் தும்மினார்.

"இதைச் செய்யும்" என்றார் குரு.

"இதனால் என்ன பிரயோஜனம் மேடம்?"

"குடல் புழுவோட சண்டை போட வந்தது. இப்ப புழு கம்மி. சும்மா இருக்க முடியாம தூசியைப் பார்த்துச் சத்தம் போடுது. ரிட்டயர் ஆன ஹவில்தார் மாதிரி."

லேப் பெண்கள் அன்று முழுக்கச் சிரித்தார்கள். சீடரும் சிரித்தார். நடுநடுவே தும்மினார்.

இன்னொரு நாள், ஐஜிடி எதற்கு என்றார். குரு பதில் சொல்லவில்லை. மறுநாளும் அதையே கேட்டார். மறுநாளும் பதில் இல்லை. மூன்றாம் நாள் கேட்டபோது குரு, "சரியாத் தெரியாது" என்றார்.

"உங்களுக்கா தெரியாது?"

"யாருக்கும் முழுசாத் தெரியாது. மூணு நாளாத் தேடிப் பார்த்துட்டேன்."

சீடர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டிலேயே அதுதான் நல்ல பக்கம் என்று பிற்பாடு சொல்வார்.

எல்லாம் சரி. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ராணுவத்தில் காலை வரிசையில் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இருந்தால் ஆஜர். இல்லாவிட்டால் இல்லை. சோதனை முடிவையும் அவர் அப்படித்தான் சொல்வார். பாசிட்டிவ், நெகட்டிவ். மற்றதெல்லாம் அவருக்கு வாய் வலி.

அந்தப் பிள்ளைக்குப் பிறந்த மறுநாள் உடம்பில் செம்புள்ளி இருந்தது. லேசான மஞ்சளும். வார்டு டாக்டர் எதற்கும் பார்த்துவிடலாம் என்று ரத்தம் அனுப்பினார். ருபெல்லா என்றொரு அம்மை. வயிற்றில் இருக்கும்போது தொற்றினால் பிள்ளையின் கண், காது, இருதயம் மூன்றையும் கெடுக்கும். இரண்டு சோதனை செய்ய வேண்டும். ஒன்றுக்குத்தான் லேபில் சரக்கு இருந்தது. மற்றதற்கு மதுரையிலிருந்து வரவேண்டும்.

முதல் சோதனை முடிந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு சீடர் வராந்தாவில் வந்தார். பிள்ளையின் தகப்பன் வேல்ச்சாமி அங்கே நின்றிருந்தான். புரோட்டாக் கடை மாஸ்டர். என்ன சார் ஆச்சு என்று கேட்டான்.

"ருபெல்லா பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டுச் சீடர் நடந்துவிட்டார்.

வேல்ச்சாமி போனில் தேடினான். போனில் எல்லாம் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பிரசவ வார்டு நர்ஸ் லேபுக்கு வந்தார். லேபிலிருந்து யாரோ பாசிட்டிவ் என்று சொன்னார்களாம். தாய் பிள்ளையைத் தொட மாட்டேன் என்கிறாளாம். என்னிடமிருந்துதானே போயிருக்கிறது, இன்னும் கொடுக்க மாட்டேன் என்று பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் விடுகிறாளாம். பிள்ளைக்குப் பாலாடையில் பவுடர் பால். அது பாதியைக் கக்குகிறது. லேப் சொன்னதால் டாக்டர்தான் பாலை நிறுத்தினார் என்று நர்ஸ் நினைத்திருந்தார்.

குரு வார்டு டாக்டருக்குப் போன் போட்டார். தான் நிறுத்தச் சொல்லவே இல்லை என்றார் அவர். குரு போனை வைத்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டார்.

சீடர் எழுந்து நின்றார். அணிவகுப்பில் நிற்பதுபோல.

குரு திட்டவில்லை. பிழைப் பதிவேட்டை எடுத்தார். லேபில் தப்பு நடந்தால் எழுதிவைக்கும் நோட்டு அது. மூன்று கட்டம். தவறு, செய்தவர், திருத்தியவர். முதல் இரண்டையும் நிரப்பினார். மூன்றாவதைக் காலியாக விட்டார்.

"சீட்டில் இருந்ததைப் படிங்க அண்ணாச்சி."

"ருபெல்லா, ஐஜிஜி, பாசிட்டிவ்."

"நீங்க சொன்னது?"

"ருபெல்லா பாசிட்டிவ்."

"நடுவில இருந்த மூணு எழுத்து?"

"விழுங்கிட்டேன் மேடம்."

கடைசி மேஜையில் இருந்த பெண், அதான் ரெண்டு நாளாச் செரிக்காமல் நடக்கிறார் என்றாள். குரு திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள்.

"வார்டுக்குப் போங்க. அந்தப் பொண்ணு பீய்ச்சி வச்சிருக்கிற பாலைக் கிண்ணத்தோட வாங்கிட்டு வாங்க."

சீடர் போய் நர்ஸிடம் சொல்லி வாங்கிவந்தார். எவர்சில்வர் கிண்ணம். மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. குரு தட்டை எடுத்தார். மஞ்சள் படிந்த கெட்டிப் பால்.

"இது என்ன?"

"பால்."

"ஐஜிஏ. பிள்ளையோட தொண்டையிலும் குடல்லயும் காவல் நிக்க வேண்டியது. கிண்ணத்தில நிக்குது."

சீடர் தட்டை வாங்கிக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"கிண்ணம் யாருது?"

"தெரியலையே மேடம். வார்டில் குடுத்தாங்க."

"பாருங்க."

சீடர் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பாத்திரக் கடையில் வெட்டிக் கொடுப்பார்களே, அந்தப் புள்ளி எழுத்து.

"இசக்கிராணின்னு இருக்கு."

"கிண்ணம் இப்ப எங்க இருக்கு?"

"நம்ம லேபில்."

"அப்ப நம்மளோடதா?"

சீடர் அந்தப் பெயரை விரலால் தடவினார். பிறகு மெதுவாக, "ஐஜிஜி..." என்றார்.

"ம்."

"தாய்கிட்டேருந்து பிள்ளைக்குப் போயிருக்கலாம்."

"ம்."

"பிள்ளைகிட்ட இருக்குன்னுதான் மிஷின் சொல்லும். யாருதுன்னு சொல்லாது."

"மிஷினுக்குப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அதோடு சீடர் விட்டிருக்கலாம். விடவில்லை. ஒருவேளை பிள்ளைக்கே நோய் வந்து, பிள்ளையே செய்துகொண்டதாக இருந்தால்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இது இன்றைக்கு இரண்டாம் கேள்வி என்றார் குரு. ஆனாலும் எழுந்தார். அவரைப் பிரசவ வார்டின் கேட்டுக்கு அழைத்துப்போனார். இருவரும் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அந்த வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். பாஸ் இருந்தால் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் வாட்ச்மேன் விடமாட்டார்.

சற்று நேரத்தில் ஒரு வேன் வந்தது. யாருக்கோ பிள்ளை பிறந்து அரைமணி நேரம் ஆகவில்லை. அதற்குள் ஐந்து பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்கள். வாட்ச்மேன் குறுக்கே நின்றார். பெரிய சத்தம். நாங்கள் யார் தெரியுமா என்றார்கள். அவர் தெரியாது என்றார். ஐந்து பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள்.

பிற்பாடு ஒரு பெண் தனியாக வந்தாள். சத்தம் இல்லை. பாஸைக் காட்டினாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார்.

"முதல்ல வந்தது யாரு?" என்றார் குரு.

"அந்த அஞ்சு பேர். அது ஐஜிஎம். எந்த நோய்க்கும் முதல்ல ஓடி வர்றது. அஞ்சு அஞ்சா ஒட்டிக்கிட்டு."

"உள்ளே போனது?"

"பாஸ் வச்சிருந்த அம்மா. ஐஜிஜி."

"நாளைக்கு வார்டுக்கு உள்ளே அந்த மாதிரி அஞ்சு பேரைப் பார்க்கிறீங்க. என்ன அர்த்தம்?"

சீடர் கேட்டைப் பார்த்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தார்.

"வெளியிலிருந்து போயிருக்க முடியாது. உள்ளேயே உண்டானவங்க."

குரு எழுந்துவிட்டார். "மதுரைச் சரக்கு மூணு மணி பஸ்ஸில வருது. பிள்ளை ரத்தத்தில ஐஜிஎம் பாருங்க. நாலு மணிக்குத் தெரிஞ்சுடும். ஆனா பால் நாலு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அது பாசிட்டிவா இருந்தாலும் பாலை நிறுத்த வேண்டியதில்ல. போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்தப் பொண்ணு ஸ்கூல்ல படிக்கும்போது அம்மை ஊசி போட்டாளான்னும் கேளுங்க."

"நானா போகணும்?"

"விழுங்கினது யாரு?"

சீடர் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். சண்டை நடந்த எல்லையில்கூட நின்றிருக்கிறார். இந்த வார்டு வாசலில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் நுழைந்தார்.

இசக்கிராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இருபத்தைந்து வயசுக்கு மேல் இராது. தொட்டில் கட்டிலைவிட்டுத் தள்ளிக் கிடந்தது. வேல்ச்சாமி கீழே குந்தியிருந்தான்.

தப்பு தன்னுடையது என்றார் சீடர். நேராக நின்று சொன்னார்.

வேல்ச்சாமி எழுந்தான். "முந்தாநாள் பாசிட்டிவ்னு சொன்னதும் நீங்கதான். இப்பம் தப்புன்னு சொல்லுததும் நீங்கதான். நான் எத சார் நம்ப?"

சீடர் கிண்ணத்தை நீட்டினார்.

"இது யாருது தம்பி?"

"எங்களுது."

"காலையில் எங்க லேபில் இருந்துச்சே."

"நீங்க வாங்கிட்டுப் போனீக. அதுக்காவ ஒங்களுதா? அவ பேரு வெட்டியிருக்குல்லா."

"அதேதான். பிள்ளை ரத்தத்தில் ஒரு பாத்திரம் இருந்தது. இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். அதுல யார் பேர் வெட்டியிருக்குன்னு நான் பார்க்கலை."

வேல்ச்சாமி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்படியும் அவனுக்கு ஆறவில்லை. நஞ்சுக்கொடி வழியாகப் போகும் என்று போனில் போட்டிருக்கிறது, பேரிலேயே நஞ்சு இருக்கிறதே என்றான்.

"பேர்தான் நஞ்சு. போனது காவல்."

இதைச் சொல்லிவிட்டுச் சீடரே ஒரு நிமிஷம் நின்றார். குரு சொல்வதுபோல இருந்தது அவருக்கு. பிறகு இசக்கிராணியைப் பார்த்து ஊசி விஷயத்தைக் கேட்டார்.

அவள் சுவரைவிட்டுத் திரும்பினாள்.

"ஒம்பதாப்பு படிக்கையில வந்து போட்டாக. பள்ளிக்கூடத்துல பாதிப் பேரு ஓடிட்டாக. நான் போட்டேன்."

"யார் யார் ஓடினது?"

"இவுகதான் மொதல்ல. காம்பவுண்டு ஏறிக் குதிச்சாக. டவுசர் கிழிஞ்சிட்டு."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். வேல்ச்சாமி, அது வேற சோலி, பத்தாப்புக்காரன் ஒருத்தன் துரத்தினான் என்று ஏதோ சொன்னான். யாரும் கேட்கவில்லை.

"அப்பம் அந்த ஊசியா எம்புள்ளகிட்ட இருக்கு?" என்றாள் இசக்கிராணி.

"ஊசி சொல்லிக் குடுத்தது. செஞ்சது நீங்க. பிள்ளைக்குக் குடுத்து அனுப்பினதும் நீங்க. அப்படித்தான் இருக்கணும். ஆனா இன்னொரு சோதனை பாக்கி. ஐஜிஎம். நாலு மணிக்கு வரும். அது வந்தாத்தான் முழுசாச் சொல்ல முடியும். எது வந்தாலும் பால் குடுக்கலாம். டாக்டரும் அப்படித்தான் சொல்றார்."

இந்தத் தடவை அவர் ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை.

வேல்ச்சாமி யோசித்தான். ரெண்டு நாள் பொறுத்தாயிற்று, இன்னும் நாலு மணி நேரம்தானே, பொறுத்துப் பார்ப்போம் என்றான்.

"புள்ளயக் குடுங்க" என்றாள் இசக்கிராணி.

"நாலு மணிக்கு..."

"நாலு மணிக்கு நீங்க போயிக் கேட்டுக்கோங்க. இப்பம் புள்ளயக் குடுங்க."

வேல்ச்சாமி தொட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சீடர் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றார். பின்னால் முதலில் ஒரு சிணுங்கல். பிறகு ஒரு முட்டல். பிறகு சப்புகிற சத்தம். நாலு நாள் பிள்ளைக்கு அவ்வளவு சத்தம் அதிகம். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரி, ஏ மெதுவா, ஒன் அப்பன் கடையில சால்னா குடிக்கவன் மாதிரியில்லா குடிக்கே என்றாள்.

சீடர் சுவரைப் பார்த்தபடியே லேபுக்கு நடந்தார். வழியில் ஒரு தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டார்.

மூன்று மணி பஸ் மூன்றே முக்காலுக்கு வந்தது. இந்த ஊர் பஸ் அப்படித்தான். ஐந்து மணிக்குமேல்தான் முடிவு தெரிந்தது. தாயிடமும் ரத்தம் எடுத்து, பிள்ளையின் ஐஜிஎம்மும் தாயின் ஐஜிஜியும் ஒரே ஓட்டத்தில் பார்த்தார்கள். குரு, படிங்க என்றார். சீடர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"பிள்ளை. ருபெல்லா. ஐ, ஜி, எம். நெகட்டிவ். தாய். ருபெல்லா. ஐ, ஜி, ஜி. பாசிட்டிவ். பிள்ளைக்கு இருக்கிற அளவும் தாய்க்கு இருக்கிற அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு."

வராந்தாவில் வேல்ச்சாமி நின்றிருந்தான். சீடர் அவனிடமும் அப்படியே எழுத்துக் கூட்டிச் சொன்னார். அவன் பாதியிலேயே அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். புரோட்டா மாவு அடிக்கிற கை. சீடருக்கு விலா இரண்டு நாள் வலித்தது. மறுநாள் லேபுக்கு ஐம்பது புரோட்டா வந்தது. புள்ளிகள் தாமாகவே மறைந்தன. அது பிறந்த பிள்ளைகளுக்கு வருகிற சாதாரணப் புள்ளி.

சீடர் பிழைப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றாம் கட்டம் காலியாக இருக்கிறது, நிரப்பிவிடலாமா என்றார்.

"அவசரப்படாதீங்க. தாய் குடுத்தது மெல்லக் கரையும். பிள்ளையே செஞ்சதுன்னா கரையாது. ஆறு மாசம் பார்ப்போம்."

சீடர் ஆறு மாசம் பார்த்தார். மூன்றாம் மாசம் ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆறாம் மாசம் இசக்கிராணி பிள்ளையோடு வந்தாள். பெண் பிள்ளை. இடுப்பில் வைத்தால் நழுவுகிற கொழுப்பு. ஊசி குத்தியதும் அது போட்ட கத்தலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. சீடர் சமாதானம் செய்யத் தூக்கினார். அது கத்தலை நிறுத்திவிட்டு அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. பிறகு அவர் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுக்கொண்டது.

முடிவு வந்தது. ஐஜிஜி, அநேகமாக இல்லை.

சீடருக்குச் சந்தோஷம். உடனே கவலையும் வந்தது. தாய் கொடுத்தது தீர்ந்துவிட்டதே, இனிக் காவலுக்கு யார் என்று கேட்டார்.

குரு பிள்ளையைக் காட்டினார். அது பொத்தானை விட்டுவிட்டு இப்போது சீடரின் அடையாள அட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அதான் ஊர் அழுக்கையெல்லாம் நக்கிக் காவலுக்கு ஆள் எடுத்துக்கிட்டு இருக்கே. ருபெல்லாவுக்கு ஒன்பதாம் மாசம் ஊசி. இவ அப்பனைக் கூட்டிட்டு வர வேண்டாம். சுவர் ஏறிடுவான்."

இசக்கிராணி சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். சீடர் பதிவேட்டைத் திறந்தார். மூன்றாம் கட்டத்தில், திருத்தியவர் என்று இருந்த இடத்தில், டாக்டர் நவமணி என்று எழுதினார். குரு பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்தார்.

"அப்ப என் பேரா மேடம்?"

"உங்க பேர் ரெண்டாம் கட்டத்தில இருக்கு. ஒரே ஆள் ரெண்டு இடத்தில நிக்கக் கூடாது."

"பின்னே யாரு? மதுரை பஸ்ஸா?"

குரு ஜன்னலைப் பார்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் இசக்கிராணி உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கால் மட்டும் தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.

சீடரும் பார்த்தார். "லேபில் வேலை பார்த்தவங்க பேரைத்தான் எழுதணும்னு விதி இருக்கு மேடம்" என்றார்.

"பிள்ளை வயித்தில இருந்த கடைசி மூணு மாசம் ராவும் பகலும் வேலை பார்த்திருக்கா. இப்பவும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கா. எழுதுங்க அண்ணாச்சி. ஒரு எழுத்தும் விடாம. இசக்கிராணி."